மூக்கு நுனி அளவு

சாலை இரண்டாகத் தெரிந்தது. மேல் பாதி தெளிவாக இருந்தது, கீழ் பாதி தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. முன்னால் போன பஸ்ஸின் உடம்பு ஒரு பக்கமும் சக்கரங்கள் இன்னொரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தன. லிஃப்ட் மெக்கானிக் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, முந்தின நாள்தான் மாட்டிய முன்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அதன் மேல் விளிம்பு மட்டும் அவருடைய கண்ணுக்குச் சரியாகக் குறுக்கே நின்றது.

நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் ஹெல்மெட்டுக்குள் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கடைக்கு மறுபடியும் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

கடை பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. கூரையிலிருந்து அக்ரிலிக் தகடுகள் வெள்ளையும் புகைநிறமுமாகத் தொங்கும். அவற்றை மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றபடி வளைத்து, வெட்டி, மாட்டிக் கொடுப்பதுதான் தொழில். கணவர் ஆரம்பித்த கடை. அவர் இறந்த பிறகு அந்தப் பெண்ணே நடத்திவந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. புருவத்தில் எப்போதும் கொஞ்சம் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். மூலையில் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் தகடுகளின் ஓரத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார். அவர் பேசி லிஃப்ட் மெக்கானிக் கேட்டதில்லை.

மெக்கானிக்குக்கு நாற்பத்துமூன்று வயது. ஊருக்கு வெளியே இருக்கிற கட்டடங்களுக்கெல்லாம் நெடுஞ்சாலையில் போய் லிஃப்ட்டுகளைச் சரிபார்க்கிற வேலை. காற்று நெஞ்சில் அடித்து அடித்து இருமல் வந்ததால் முன்கண்ணாடி மாட்டப் போனார். இருமல் போனது. வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் நாள் அளவெடுத்தபோதே அது வந்துவிட்டது.

"ஹெல்மெட்டைப் போட்டுக்கங்க. இந்த ஷூதானே எப்பவும்?"

"ஆமாங்க."

"எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காந்து, தூரத்துல ரோட்டைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க."

வருகிற எல்லாரிடமும் அவள் சொல்வதுதான் அது. இவருக்குக் காது சூடாகிவிட்டது.

"கண்ணாடி வழியா ரோட்டைப் பாக்கக் கூடாது, கண்ணாடிக்கு மேல பாக்கணும்" என்றாள் அவள், பெட்ரோல் டாங்கியின் மேல் அளவுகோலை நட்டுவைத்து. "விளிம்பு மூக்கு நுனிக்கு நேரா நின்னா போதும். காத்து அதுல ஏறி உங்க தலைக்கு மேல போயிடும். அதுக்கு மேல ஒசந்தா மழையில கண்ணு தெரியாது. தாழ்ந்தா காத்து நெஞ்சை விட்டுட்டுத் தலையைப் புடிச்சு ஆட்டும்."

பிறகு குனிந்து அவருடைய மூக்கு நுனியைக் கவனமாகப் பார்த்தாள். அந்த மூக்கை யாரும் அத்தனை அக்கறையாகப் பார்த்ததில்லை. பக்கவாதத்தில் படுத்திருந்த அப்பாவைப் பார்த்துக்கொள்வதிலேயே அவருடைய பெண் பார்க்கும் வயது போய்விட்டது. அப்பா போய்ச் சேர்ந்தபோது, வந்துகொண்டிருந்த ஜாதகங்களும் நின்றுபோயிருந்தன.

ஆகவே கண்ணாடி உயரமாகிப் போனதற்குக் காரணம் தானேதான் என்று அவர் முடிவுகட்டினார். அவள் பார்க்கிறாள் என்று முதுகை நிமிர்த்தி, நெஞ்சை விரித்து உட்கார்ந்ததன் பலன்.

"தப்பு என்னுதுதாங்க" என்றார் இரண்டாம் தடவை போனபோது. "அன்னைக்குக் கொஞ்சம் நிமிந்து உக்காந்துட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான். அளவெடுக்கறப்ப பட்டாளத்துக்காரங்க, ரோட்ல கேள்விக்குறி. கழட்டுங்க, வெட்டித் தரேன்."

வெட்டி, ஓரம் தேய்த்து, பாலிஷ் ஏறி வருவதற்குள் ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. அவள் டீயும் வாங்கிக் கொடுத்தாள்.

"லிஃப்ட் மேல போறப்ப நின்னுட்டா பயமா, கீழ வர்றப்ப நின்னுட்டா பயமா?"

இத்தனை வருட வேலையில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "உள்ள இருக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. ஆனா தனியா மாட்டிக்கிட்டா மணியை அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. கூட ஒரு ஆள் இருந்தா பேச ஆரம்பிச்சிடுவாங்க. சில பேர் நான் கதவைத் தொறக்கறப்ப, அதுக்குள்ள தொறந்துட்டீங்களான்னு கேப்பாங்க."

அவள் சிரித்தாள். மூலையில் பாலிஷ் மெஷின் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

புதிய அளவில் கண்ணாடி மிகவும் தாழ்ந்துபோயிருந்தது. நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் காற்று ஹெல்மெட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டத் தொடங்கியது. எதிரில் வந்தவர்களுக்கு அவர் தலையசைத்து வணக்கம் சொல்வதுபோல் இருந்தது. அவர்களும் தலையசைத்தார்கள். ஒரு லாரிக்காரர் மரியாதைக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனார். வேலை முடிந்து வீடு வந்தவரைப் பார்த்து அக்கா கேட்டாள்:

"எதுக்குடா எல்லாத்துக்கும் தலையாட்டற? இன்னும் நான் ஒண்ணுமே சொல்லல."

அக்கா இவரைவிட ஒன்றரை வயது மூத்தவள். கப்பலில் வேலை பார்க்கும் மாமா வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பதால், தம்பியை அதட்டுவதற்கு அவளுக்கு நிறைய நேரம் இருந்தது.

மூன்றாம் தடவை கடைக்குப் போனபோது அவள் புதுத் தகடே எடுத்தாள். கூலி தர நீட்டிய கையைப் பார்க்கக்கூட இல்லை. "இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாவே விடறேன்" என்றாள். அவள் தாராளம் கையகலத்துக்கும் அதிகம். கண்ணாடி அவருடைய நெற்றியைத் தாண்டி நின்றது.

மறுநாள் மழை. துடைக்கத் துடைக்கத் தண்ணீர் வழிந்த கண்ணாடிக்குள்ளிருந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டே போன அவர், ஒரு கட்டடத்து வாசலில் நிறுத்தி, காவலாளியிடம் பையைக் காட்டிவிட்டு மேலேறி, மெஷின் அறையைத் திறந்து வேலையைத் தொடங்கிவிட்டார். புகார் வந்திருந்தது பக்கத்துக் கட்டடத்திலிருந்து. இந்தக் கட்டடத்தின் லிஃப்ட் அதுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவர் பார்த்த பிறகு ஓடவில்லை.

கம்பெனி மேலாளர் போனில் கத்தியது பாதிதான் அவர் காதில் விழுந்தது. மனம் ஏற்கனவே பஸ் டிப்போவுக்குப் பின்னால் போயிருந்தது.

இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ஒத்திகை பார்க்க அவரிடம் ஒரு வசதி இருந்தது. லிஃப்ட்டை இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டால் உலகத்தில் ஒருவர் காதுக்கும் கேட்காது. அப்படி நிறுத்தி, உள்ளே இருந்த கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"கண்ணாடி சரியா இருக்கான்னு நீங்களே ஒரு தடவை பாத்தா நல்லா இருக்கும். பின்னாடி உக்காந்து. கொஞ்ச தூரம். ஏரிக்கரை வரைக்கும்."

சரியாக வரவில்லை. குரலைத் தாழ்த்தி இன்னொரு தடவை சொன்னார்.

"ஏரிக்கரை ரொம்ப தூரம் சார்" என்றது சுவர். அவசர அழைப்புப் பொத்தானில் அவருடைய முழங்கை ஊன்றியிருந்தது, பேசியது கீழே இருந்த காவலாளி. "யார் சார் கூட இருக்காங்க? லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாங்களா?"

"நான் மட்டும்தான்" என்றார் அவர். அதைச் சொன்ன பிறகு வெகுநேரம் லிஃப்ட்டை நகர்த்தாமல் நின்றார்.

கடைக்குப் போய் அவர் சொன்னது, "மழையில தெரியலங்க" என்பது மட்டும்தான்.

"ஒசரம் ஆகாது, தாழ்வும் ஆகாது" என்றாள் அவள், கன்னத்தில் விரல் வைத்து. "தாழ்வா வெட்டி, மேல சின்னதா ஒரு உதடு வச்சுத் தரேன். காத்தைத் தூக்கிவிட்டுடும்."

கண்ணாடியின் உச்சியில் வளைந்த துண்டு ஒன்றைத் திருகி மாட்டினாள். மாட்டும்போது அவருடைய தோளைத் தொட்டு, "கொஞ்சம் முன்னால வாங்க" என்றாள். அவ்வளவுதான். அவர் வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தத் தோளை உயர்த்தியே வைத்திருந்தார்.

உதடு விசிலடித்தது. மெதுவாகப் போனால் பால் குக்கரின் விசில், வேகமாகப் போனால் ரயிலின் விசில். தெருமுனையில் திரும்பும்போதே நாய்கள் எழுந்து நின்றன. பள்ளிக்கூட வாசலில் போனபோது விளையாட்டு வகுப்பு பாதியில் முடிந்து பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள்.

"நீ வர்றது நாலு தெருவுக்குத் தெரியுது" என்றாள் அக்கா. "சோத்தைச் சூடு பண்ண வசதியாத்தான் இருக்கு. ஆனா மானம் போகுதுடா."

தலையை இடது பக்கம் சாய்த்து, கொஞ்சம் குனிந்து ஓட்டினால் விசில் நிற்பதை அவர் கண்டுபிடித்தார். அப்படியே ஓட்டினார். விசில் நின்றது, கழுத்து பிடித்துக்கொண்டது. இடது தோளைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் செய்ய வேண்டியதாயிற்று. அக்கா துணியைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தாள். ஒவ்வொரு ஒத்தடத்துக்கும் கண்ணாடிக் கடைக்கு ஒரு திட்டு விழுந்தது.

"தப்பெல்லாம் என் மேலதான்கா" என்றார் அவர்.

"அப்படி என்னடா அந்தக் கடைக்காரனுக்கு வக்காலத்து?"

கடைக்காரன் இல்லை என்று அவர் திருத்தவில்லை.

சாய்ந்த கழுத்தோடு கடைக்குப் போனபோது அவள் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகம் சட்டென்று வாடியதைப் பார்க்க அவருக்கு வலியெல்லாம் பறந்துபோனது.

"ஐயோ, கழுத்து வரைக்கும் வந்துடுச்சா? வீட்ல யாரும் ஒத்தடம் கித்தடம் குடுக்கலயா?"

அன்று காலையில்தான் அக்கா ஒத்தடம் கொடுத்து, தைலமும் தேய்த்து அனுப்பியிருந்தாள். சட்டையில் தைல வாசனைகூடப் போகவில்லை. ஆனால் அத்தனை பரிவாக ஒருத்தி கேட்கும்போது ஒரு மனிதன் எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வான்?

"எனக்கு யாருங்க இருக்கா" என்றார். "அப்பா இருந்தார். அவரும் போயிட்டார்."

அவள் உள்ளே போய்த் தண்ணீர் சுடவைத்து, துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்த பிறகும் அங்கேயே நின்றாள்.

"எனக்கும் சாயங்காலம் கடையைச் சாத்தறதுதாங்க கஷ்டம்" என்றாள். "பகல்ல தெரியறதில்ல. மெஷின் சத்தம் இருக்கு."

ஏரிக்கரை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "அவசரம்மா" என்றார். அவள் போய்விட்டாள். அன்று உதட்டை மட்டும் கழற்றி இன்னொரு கோணத்தில் மாட்டிக் கொடுத்தாள். விசில் போய், காளை மாடு முனகுகிற சத்தம் வந்தது.

விஷயம் முற்றியது வேலையில்தான். லிஃப்ட் ஓடும் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் அவருடைய தொழிலில் பாதி. கழுத்து அண்ணாக்க மறுத்தது. சவரக் கண்ணாடி ஒன்றைக் கையில் பிடித்து, அதில் மேலே இருப்பதைப் பார்த்து வேலை செய்தார். கண்ணாடியில் இடம் வலமாகும். அவர் திருப்ப வேண்டிய திருகை விட்டு அடுத்ததைத் திருப்பினார். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. கதவைப் பிளந்து பார்த்தால், மூன்றாம் மாடித் தரை உள்ளே இருந்த பருத்த வக்கீலின் மூக்கு நுனிக்குச் சரியாக நேராக நின்றது.

"ஆகா, என்ன அளவு" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

வக்கீல் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார். கழுத்து நேராகும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் வீட்டில் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா வெளியே போய்விட்டு, முகம் சிவக்கத் திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"போய் நல்லா கேட்டுட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"உன் கண்ணாடிக் கடையிலதான். பொம்பளைதான் நடத்தறாளாமே, நீ சொல்லவே இல்ல. 'எங்க வீட்டு ஆளைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது? கழுத்து கோணி, வேலைக்குப் போகாம கெடக்கார். ராத்திரியெல்லாம் நான் முழிச்சிருந்து ஒத்தடம் குடுக்கறேன். ஒழுங்கா ஒரு கண்ணாடி வெட்டத் தெரியலன்னா கடையை மூடிட்டுப் போங்க'ன்னேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "அவங்க என்ன சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்லுவா? மொகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. 'நாளைக்கு வண்டியை அனுப்புங்கம்மா, சரியா செஞ்சு தரேன்'னா. அதட்டிக் கேட்டாத்தான் எதுவும் நடக்கும். நீயும் இருக்கியே."

மறுநாள் அவர் நாலு விதமாக மன்னிப்பை யோசித்துக்கொண்டு போனார். ஒன்றுக்கும் வேலை இருக்கவில்லை. அவள் டீ சொல்லவில்லை, அளவுகோலை எடுக்கவில்லை, அவரை வண்டியில் உட்காரச் சொல்லவுமில்லை. தகட்டை எடுத்தாள், ஒரு கோடு போட்டாள், வெட்டினாள். அவளே தேய்த்து அவளே மாட்டினாள்.

"வீட்ல நேத்து கொஞ்சம் கோவமா பேசிட்டாங்க போல" என்று ஆரம்பித்தார்.

"அவங்க பேசினதுல தப்பே இல்லைங்க. நான் அவங்க எடத்துல இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன்." அவள் கடைசித் திருகை இறுக்கினாள். "இனிமே நீங்க வர வேண்டியிருக்காது."

கண்ணாடி அற்புதமாக இருந்தது.

விளிம்பு மூக்கு நுனிக்கு நேராக நின்றது. அதற்கு மேலே சாலை முழுசாக, ஒரே சாலையாக, வானம் வரைக்கும் தெரிந்தது. காற்று எங்கேயோ மேலே ஏறிப் போனது. தலை ஆடவில்லை, விசில் இல்லை, முனகல் இல்லை. சங்கிலி ஓடுகிற மெல்லிய சத்தமும் சாலையோர மரங்களில் குருவிகள் கத்துவதும் கேட்டன. சில நாளில் கழுத்தும் நேரானது. வேலைக்குப் போனார். மேலாளர்கூடச் சிரித்துப் பேசினார்.

வாழ்க்கையில் அவருக்கு அத்தனை சௌகரியமும் அத்தனை துக்கமும் ஒன்றாக வந்ததில்லை. வளைவில் திரும்பும்போதெல்லாம் கண்ணாடி கொஞ்சமாவது ஆடாதா என்று பார்த்தார். ஒரு திருகாவது தளராதா என்று வேண்டுமென்றே குழிகளில் விட்டு ஏற்றினார். வண்டியின் மற்ற பாகமெல்லாம் தளர்ந்தது. கண்ணாடி மட்டும் அசையவில்லை. மழை வந்தது, மழையிலும் நன்றாகத் தெரிந்தது. சாயங்காலங்களில் டிப்போவைச் சுற்றிக்கொண்டு போய், அந்தக் கடையின் கதவு பாதி இறங்கியிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் வருவது யாருக்கும் தெரிவதில்லை. சோறு ஆறிப்போயிருக்கும்.

ஒருநாள் ஏரிக்கரை வரைக்கும் தனியாகவே போனார். தண்ணீரைப் பார்த்து நின்றார். பின் இருக்கையில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தபோது, அதற்கு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் சாயல் இருந்தது. அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தார். பொய் சொல்வது என்று.

மறுநாள் மத்தியானம் நேரே கடைக்குப் போனார். "தலை கொஞ்சம் ஆடுதுங்க" என்கிற பொய்யை வழியெல்லாம் சொல்லிப் பழகியிருந்தார். அதற்குப் பிறகு உண்மையையும் சொல்லிவிடுவதாக இருந்தார். உள்ளே அவள் இல்லை. பாலிஷ் போடும் பெரியவர் மட்டும் இருந்தார்.

அவள் தகடு வாங்கப் போயிருப்பதாகக் கையாலேயே காட்டிவிட்டு எழுந்து வந்தார். வண்டியைச் சுற்றிவந்து கண்ணாடியைப் பிடித்து அசைத்தார். விளிம்பைத் தடவினார். இவரை உட்காரவைத்து, தூரத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். குறை எதுவும் இல்லை என்று தலையசைத்தார்.

"இல்லைங்க" என்று ஒப்புக்கொண்டார் லிஃப்ட் மெக்கானிக். பொய்யைக்கூட அவரால் கடைசிவரை கொண்டுபோக முடியவில்லை. "குறை இல்லாததுதாங்க குறை. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அத்தனை தடவை உக்கார வச்சு, அளவுகோல் பிடிச்சு அளந்தாங்க, அப்பெல்லாம் தப்பாப்போச்சு. கடைசித் தடவை என்னை ஏறெடுத்துக்கூடப் பாக்கல. அது மட்டும் எப்படி இவ்வளவு சரியா வந்துச்சு?"

பெரியவர் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"முதலாளியம்மாவுக்கு உங்க அளவு மொத நாளே மனப்பாடம் சார். உங்க சம்சாரம் வந்து சண்டை போட்டுட்டுப் போனப்புறம்தான், அதைச் சரியா வெட்டிக் குடுக்கவே அவங்களுக்கு மனசு வந்துச்சு."